04652 எப்படி 2474 ஆனது: உள்ளீட்டை வாசிக்கும்போது எண்ணின் அடிமானத்தைக் குறிப்பிடும் முறை

நாகர்கோவிலின் எஸ்டிடி குறியீடு 04652 என்பதும், குழித்துறை, மார்த்தாண்டம் பகுதிக்கு 04651 என்பதும் குமரி மாவட்டத்தில் தரைவழித் தொலைபேசி வைத்திருந்த எவருக்கும் மனப்பாடம். சில ஆண்டுகளுக்கு முன்பு, தக்கலையில் ஒரு கடைக்காரருக்காக, வாடிக்கையாளர்களின் பெயரையும் தொலைபேசி எண்ணையும் சேமித்து வைக்கும் சிறு நிரல் ஒன்றைச் சி மொழியில் எழுதிக் கொடுத்தேன். ஒரு வாரம் கழித்து அவர் அழைத்து, “தம்பி, நாகர்கோயில் ஆளுவளுக்கெல்லாம் 2474-ன்னு வருது, இது எந்த ஊருக்க கோடு?” என்று கேட்டார். கணினியில் பழுதில்லை, அவரும் எண்ணைத் தவறாக அடிக்கவில்லை. எண்ணை எந்த அடிமானத்தில் வாசிக்க வேண்டும் என்று நான் நிரலுக்குச் சொல்லாமல் விட்டதால், முன்னால் நின்ற சுழியத்தைப் பார்த்து அது தானாகவே ஒரு முடிவுக்கு வந்திருந்தது.

பள்ளியில் பதினோராம் வகுப்பில் சி++ மொழியையும் பன்னிரண்டாம் வகுப்பில் பைத்தானையும் தொடங்கும் மாணவர்கள் இதே பள்ளத்தில் விழுவதைப் பார்த்திருப்பதால், அவர்களை மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன். கட்டளைகளை ஒலிப்பின்படி தமிழ் எழுத்தில் தந்திருக்கிறேன். நிரலில் தட்டும்போது அவற்றை ஆங்கிலச் சிற்றெழுத்துகளில் இட வேண்டும்.

அடிமானம் என்பது என்ன

பதின்ம முறையில் ஓர் இலக்கம் இடப்பக்கம் ஓரிடம் நகர்ந்தால் அதன் மதிப்பு பத்து மடங்காகிறது. அந்தப் பத்துதான் அடிமானம். எண்ம முறையில் அது எட்டு, இரும முறையில் இரண்டு, பதினாறு நிலை முறையில் பதினாறு. கடைசியாகச் சொன்ன முறைக்குப் பதினாறு இலக்கங்கள் தேவை என்பதால், 9-க்குப் பிறகு ஏ, பி, சி, டி, இ, எஃப் என்னும் ஆறு ஆங்கில எழுத்துகள் 10 முதல் 15 வரையான மதிப்புகளைக் குறிக்கின்றன.

இது கணினிக்காரர்கள் மட்டுமே அறிந்த விந்தையன்று. இந்த மாவட்டம் திருவிதாங்கூரோடு இருந்த காலத்தில் 16 காசு ஒரு சக்கரம், 4 சக்கரம் ஒரு பணம், 7 பணம் ஒரு ரூபாய் என்று கணக்கு நடந்தது. ஆகவே 2 சக்கரம் 5 காசு என்பதை மொத்தக் காசாக மாற்றினால் 2 × 16 + 5, அதாவது 37 காசு வரும். பதினாறு நிலை முறையில் 25 என்று எழுதியதை வாசிக்கும் நிரலும் இதே பெருக்கலைச் செய்து 37 என்ற விடையைத்தான் தருகிறது. இரண்டு இலக்கங்களும் அப்படியே இருக்க, அடிமானம் மாறியதால் மதிப்பு மாறுகிறது. 25 என்று தட்டியவருடைய மனத்தில் எந்த அடிமானம் இருந்தது என்பது அந்த இரண்டு இலக்கங்களில் எங்கும் எழுதப்பட்டிருக்கவில்லை.

என் கடைக்காரரின் 04652 எண்ம முறையில் வாசிக்கப்பட்டது. 4 × 512, 6 × 64, 5 × 8, 2 என்று கூட்டினால் 2048 + 384 + 40 + 2 = 2474. மார்த்தாண்டத்து வாடிக்கையாளர்களுக்கு 2473 என்று வந்தது.

முதற்படி: அது எண்தானா என்று பாருங்கள்

அடிமானத்தைப் பற்றி யோசிப்பதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: இந்த உள்ளீட்டைக் கொண்டு நான் கூட்டவோ கழிக்கவோ பெரிது சிறிது பார்க்கவோ போகிறேனா? இல்லையென்றால் அது எண்ணன்று, இலக்கங்களால் எழுதப்பட்ட பெயர். எஸ்டிடி குறியீடு, தொலைபேசி எண், வங்கிக் கணக்கு எண் ஆகியவை எல்லாம் இந்த வகை. இரண்டு எஸ்டிடி குறியீடுகளைக் கூட்டி யாரும் எதுவும் செய்யப்போவதில்லை. இவற்றைச் சரமாகவே, அதாவது எழுத்துகளின் வரிசையாகவே, வாசித்துச் சரமாகவே சேமித்தால், முன்னால் உள்ள சுழியமும் காப்பாற்றப்படும், அடிமானச் சிக்கலும் எழாது. பதின்ம முறையில் சரியாக வாசித்திருந்தால்கூட என் நிரலில் 04652 என்பது 4652 ஆகிச் சுழியத்தை இழந்திருக்கும் என்பதை மறக்க வேண்டாம்.

இரண்டாம் படி: உள்ளீட்டைத் தருபவர் யார் என்று தெரிந்துகொள்ளுங்கள்

மனிதர்கள் விசைப்பலகையில் தட்டும் எடை, விலை, வயது, மணி, தேதி எல்லாம் பதின்மம். முன்னால் சுழியம் இருந்தாலும் பதின்மம்தான். 08 என்று எழுதுபவர் எட்டைத்தான் சொல்கிறார். நிறக் குறியீடு, நினைவக முகவரி, பிணைய அட்டையின் முகவரி போன்றவை பெரும்பாலும் பதினாறு நிலையில் வரும். லினக்ஸ் கோப்புகளுக்கான அனுமதி எண் எண்மம். அங்கே 755 என்றால் பதின்மத்தில் 493. எந்தப் புலம் எந்த அடிமானத்தில் வரும் என்பதை நிரல் எழுதும் முன்பே ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்வது நல்லது. இந்த ஒரு தாளுக்குச் சோம்பல் பட்டுத்தான் நான் தக்கலைக்கு இரண்டு முறை பேருந்து ஏற நேர்ந்தது.

மூன்றாம் படி: சி++ மொழியில் அடிமானத்தை அமைத்தல்

சி++ மொழியில் ‘சின்’ என்னும் உள்ளீட்டுத் தாரை (தட்டும் எழுத்துகள் வரிசையாக நிரலுக்கு வந்து சேரும் வழி), நாம் எதுவும் சொல்லாதபோது பதின்மத்தில்தான் வாசிக்கும். அதில் 010 என்று தட்டினால் பத்துதான் கிடைக்கும். அடிமானத்தை மாற்ற, வாசிக்கும் மாறிக்கு முன்னால் ‘ஹெக்ஸ்’, ‘ஆக்ட்’, ‘டெக்’ ஆகிய மூன்று சொற்களில் ஒன்றை இட வேண்டும்:

சின் >> ஹெக்ஸ் >> முகவரி;

இப்போது 1எஃப் என்று தட்டினாலும், பதினாறு நிலையைக் காட்டும் 0எக்ஸ் என்னும் முன்னொட்டோடு 0எக்ஸ்1எஃப் என்று தட்டினாலும் 31 கிடைக்கும். ஹெக்ஸ் என்று சொல்லாமல், பதின்ம நிலையிலேயே 0எக்ஸ்1எஃப் என்று தட்டினால், நிரல் சுழியத்தை மட்டும் எடுத்துக்கொண்டு எக்ஸ் என்ற எழுத்தில் நின்றுவிடும். முதல் வாசிப்பு பிழையில்லாமல் 0 என்று முடியும். மீதி எழுத்துகள் தாரையிலேயே கிடந்து, அடுத்த எண்ணை வாசிக்கும்போதுதான் தோல்வி தெரியும். வாசிப்பைச் சுழற்சிக்குள் வைத்து, தோல்வியைச் சோதிக்காமல் விட்டிருந்தால், திரை முழுவதும் ஒரே வரி ஓடிக்கொண்டே இருக்கும். இதைக் கண்டு பயந்து கணினியின் மின்னிணைப்பையே பிடுங்கிய மாணவர் ஒருவரை எனக்குத் தெரியும். கன்ட்ரோல் விசையோடு சி விசையை அழுத்தினாலே போதும்.

இங்கே மூன்று கண்ணிகள் உள்ளன.

முதலாவது, இந்த அமைப்பு ஒட்டிக்கொள்ளும் தன்மை உடையது. ஒரு முறை ஹெக்ஸ் என்று சொல்லிவிட்டால், டெக் என்று மீண்டும் சொல்லும் வரை அந்தத் தாரை பதினாறு நிலையிலேயே இருக்கும். குளச்சலில் மீன் எடை போடும் ஒரு தராசிலிருந்து தகவல் வாங்கும் நிரலை எழுதுவதாகக் கற்பனை செய்யுங்கள். கருவியின் அடையாளக் குறி பதினாறு நிலையில் வருகிறது. அதற்கடுத்து எடை கிலோவில் பதின்மமாக வருகிறது. குறியை வாசித்த பின் டெக் என்று சொல்ல மறந்தால், 25 கிலோ சாளை 37 கிலோவாகப் பதிவாகும். பிழைச் செய்தி எதுவும் வராது. விற்றவருக்கு மகிழ்ச்சி, வாங்கியவருக்கு நட்டம். ஆகவே ஹெக்ஸ் என்று எழுதிய கையோடு, அதே வரியிலேயே டெக் என்பதையும் எழுதி முடியுங்கள்:

சின் >> ஹெக்ஸ் >> குறி >> டெக் >> எடை;

இரண்டாவது, உள்ளீட்டுத் தாரைக்கும் வெளியீட்டுத் தாரைக்கும் தனித்தனி அமைப்புகள் உள்ளன. ‘சிஅவுட்’ தாரையில் ஹெக்ஸ் என்று எழுதினால் அச்சாகும் எண்கள் மட்டுமே மாறும். சின் தாரைக்கு அது எட்டாது.

மூன்றாவதுதான் நயவஞ்சகமானது. ‘செட்பேஸ்’ என்னும் கட்டளையும் இதே வேலைக்கு உண்டு. அதற்கு ‘ஐஓமேனிப்’ என்னும் தலைப்புக் கோப்பைச் சேர்க்க வேண்டும். அடைப்புக்குள் 8, 10, 16 என்று எண்ணைக் கொடுக்கலாம் என்பதால், 2 என்று கொடுத்தால் இரும எண்ணை வாசிக்கும் என்று எவரும் எண்ணுவார்கள். அப்படி நடப்பதில்லை. அந்த மூன்றைத் தவிர வேறு எந்த எண்ணைக் கொடுத்தாலும், அடிமான அமைப்பே அழிக்கப்பட்டு, உள்ளீட்டின் முன்னொட்டைப் பார்த்து நிரல் தானே முடிவு செய்யும் நிலைக்குப் போய்விடும். செட்பேஸ்(2) என்று எழுதிவிட்டு 1010 என்று தட்டினால் பத்து வராது, ஆயிரத்துப் பத்து வரும். 0110 என்று தட்டினால் ஆறு வராது. முன்னால் சுழியம் இருப்பதால் எண்மமாக எடுத்துக்கொண்டு 72 என்று சொல்லும். நிரலை எந்திர மொழிக்கு மாற்றும் தொகுப்பி இதைப் பிழை என்று காட்டாது.

இரும எண்ணை வாசிக்க விரும்பினால், அதை முதலில் சரமாக வாசித்து, பிறகு ‘எஸ்டிஓஐ’ என்னும் செயற்கூறுக்கு மூன்றாவது மதிப்பாக 2 என்று கொடுத்து எண்ணாக மாற்றுங்கள். எட்டு பிட் (இரும இலக்கம்), பதினாறு பிட் என்று நீளம் முன்பே தெரிந்தால் ‘பிட்செட்’ வகையில் நேரடியாகவும் வாசிக்கலாம்.

நான்காம் படி: சி மொழியில் சரியான எழுத்தைத் தேர்ந்தெடுத்தல்

சி மொழியின் ‘ஸ்கேன்எஃப்’ செயற்கூறில் அடிமானத்தை முடிவு செய்வது விழுக்காட்டுக் குறிக்குப் பின் வரும் ஒற்றை எழுத்து. %டி என்றால் பதின்மம், %ஓ என்றால் எண்மம், %எக்ஸ் என்றால் பதினாறு நிலை. %ஐ என்றால் முன்னொட்டைப் பார்த்து ஊகம்: 0எக்ஸ் என்று தொடங்கினால் பதினாறு நிலை, வெறும் சுழியத்தில் தொடங்கினால் எண்மம், மற்றபடி பதின்மம். ‘இன்டிஜர்’ என்பதன் முதலெழுத்து ஐ என்பதால் முழு எண்ணுக்கு இதுதான் உரியது என்று நினைத்து நான் %ஐ என்று எழுதியிருந்தேன். அச்சிடும்போது %டி, %ஐ இரண்டும் ஒன்றே. வாசிக்கும்போது மட்டுமே வேறுபடும். அதனால்தான் இந்தத் தவறு பல காலம் கண்ணுக்குப் படாமல் இருக்கிறது.

சுழியத்துக்கு ஏன் இந்தப் பொருள் வந்தது என்று கேட்கலாம். பெல் ஆய்வகத்தில் கென் தாம்சன் தொடக்கத்தில் பயன்படுத்திய பிடிபி-7 கணினியின் ‘சொல்’லில், அதாவது அது ஒரே தடவையில் கையாளும் தகவல் அலகில், 18 பிட்டுகள் இருந்தன. மூன்று மூன்று பிட்டாகப் பிரித்தால் மீதமில்லாமல் ஆறு எண்ம இலக்கங்கள் கிடைக்கும் என்பதால் அங்கே எண்மம் இயல்பான வழக்காக இருந்தது. சுழியத்தில் தொடங்கினால் எண்மம் என்னும் மரபு அவருடைய பி மொழியிலிருந்து டென்னிஸ் ரிச்சியின் சி மொழிக்கு வந்தது. அன்றைக்கு அது வசதி. இன்றைக்கு மணி, தேதி, தொலைபேசிக் குறியீடு என்று சுழியத்தோடு தொடங்கும் எல்லாவற்றையும் தட்டும் நமக்கு அது தொல்லை.

தொல்லையின் அளவைப் புரிந்துகொள்ள ஓர் எடுத்துக்காட்டை விரிவாகப் பார்க்கலாம். வடசேரிப் பேருந்து நிலையத்தில் பேருந்து புறப்படும் நேரத்தை, மணியும் நிமிடமும் முக்காற்புள்ளியால் பிரிக்கப்பட்டு, %ஐ:%ஐ என்று வாசிக்கிறோம். 06:05 சரியாக வரும். எண்மத்திலும் 6 ஆறுதான், 5 ஐந்துதான். 07:45 சரி. 10:30 சரி, சுழியமே இல்லை. ஆனால் 08:15 என்று தட்டினால், எட்டு என்னும் இலக்கமே எண்மத்தில் கிடையாது என்பதால், நிரல் 0 என்று மட்டும் வாசித்து நிற்கும். அடுத்து முக்காற்புள்ளியை எதிர்பார்த்த இடத்தில் 8 நிற்பதால் வாசிப்பு அங்கேயே முறியும். இது நல்ல பிழை, ஏனென்றால் இரண்டு மதிப்புகளுக்குப் பதில் ஒன்றுதான் வாசிக்கப்பட்டது என்று ஸ்கேன்எஃப் திருப்பித் தரும் எண்ணிலிருந்து கண்டுகொள்ளலாம். கெட்ட பிழை 07:09. மணி 7 என்று வரும், நிமிடம் 0 என்று வரும், இரண்டு மதிப்புகளும் வாசிக்கப்பட்டதாகவே ஸ்கேன்எஃப் சொல்லும். ஏழு மணி ஒன்பது நிமிடத்துப் பேருந்து ஏழு மணிக்கே போய்விட்டதாகப் பட்டியல் காட்டும். தேதியிலும் இதே கதைதான்: மாத எண்ணை இப்படி வாசிக்கும் நிரல் சனவரி முதல் சூலை வரை ஒழுங்காக ஓடி, ஆகஸ்டிலும் செப்டம்பரிலும் மட்டும் தடுமாறி, அக்டோபரில் தானாகவே குணமாகிவிடும். பழுது பார்க்க வருபவர் அக்டோபரில் வந்தால் ஒன்றையும் கண்டுபிடிக்க முடியாது.

ஆகவே மனிதர்கள் தட்டும் எண்ணுக்கு எப்போதும் %டி. இன்னும் உறுதியாகச் செய்ய விரும்பினால், முழு வரியையும் சரமாக வாசித்துவிட்டு, சரத்தை நெடு எண்ணாக மாற்றும் செயற்கூறிடம் ஒப்படையுங்கள். அதன் பெயர் எழுத்தெழுத்தாக எஸ், டி, ஆர், டி, ஓ, எல். அதற்கு மூன்று மதிப்புகள் தர வேண்டும்: சரம், வாசிப்பு எங்கே நின்றது என்று குறித்துத் தரும் சுட்டு, அடிமானம். அடிமானமாக 2 முதல் 36 வரை எதையும் தரலாம். பத்து இலக்கங்களும் இருபத்தாறு ஆங்கில எழுத்துகளும் சேர்ந்து 36. அங்கே 0 என்று தந்தால் மறுபடியும் ஊகம் தொடங்கிவிடும் என்பதால் 10 என்றே எழுதுங்கள். வாசித்து முடித்ததும் அந்தச் சுட்டு சரத்தின் முடிவில் நிற்கிறதா என்று பாருங்கள். நடுவில் நின்றால், வாசிக்கப்படாத எச்சம் இருக்கிறது. அந்த உள்ளீட்டை ஏற்காமல் மீண்டும் கேளுங்கள்.

ஐந்தாம் படி: பைத்தானில்

பைத்தானில் வேலை எளிது. ‘இன்புட்’ எப்போதும் சரத்தையே தருவதால், எண்ணாக மாற்றுவது தனிப் படியாகவே நிற்கிறது. ‘இன்ட்’ செயற்கூறுக்குச் சரத்தையும் அடிமானத்தையும் கொடுத்தால் போதும். அடிமானத்தை விட்டுவிட்டால் பத்து. எச்சம் இருந்தால் அது மதிப்புப் பிழையை எழுப்பி நிறுத்திவிடுமே தவிர, பாதி எண்ணைத் தந்து ஏமாற்றாது. அடிமானம் 0 என்று கொடுத்து 08 அல்லது 010 என்பதை மாற்றச் சொன்னாலும் பிழைதான் வரும்; 2008-இல் வெளியான பைத்தான் 3, வெறும் சுழியத்தை எண்மத்தின் அடையாளமாக ஏற்பதை நிறுத்தி, சுழியத்தோடு ஓ என்ற எழுத்தையும் கேட்கத் தொடங்கியது. நல்ல முடிவு என்பது என் கருத்து.

தமிழ் எழுத்துகளோடு வேலை செய்பவர்கள் இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். எழுத்துகளுக்கு எண் தரும் உலகத் தரமான ஒருங்குறியில் (யூனிகோடு) தமிழ் எழுத்துகளுக்கு ஒதுக்கப்பட்ட இடம் பதினாறு நிலையில் 0பி80 முதல் 0பிஎஃப்எஃப் வரை. ‘அ’ 0பி85, ‘க’ 0பி95. இவற்றை அடிமானம் 16 என்று சொல்லி மாற்றினால் முறையே 2949, 2965 என்று சரியாக வரும். ஊகிக்கும்படி 0 என்று கொடுத்தால், சுழியமும் பி என்ற எழுத்தும் இரும எண்ணின் முன்னொட்டாக எடுத்துக்கொள்ளப்பட்டு, 8, 9 என்னும் இலக்கங்கள் இருமத்தில் இல்லையே என்று பிழை எழும். தமிழ் எழுத்துகளின் குறியீட்டு எண்கள் அனைத்தும் இந்த இரண்டு குறிகளில்தான் தொடங்குகின்றன என்பதால், நம் எழுத்துகளில் ஒன்றுகூட ஊகத்துக்குத் தப்பாது.

இன்னொரு செய்தி, பயனைவிட மகிழ்ச்சிக்காக: பைத்தானின் இன்ட் தமிழ் இலக்கங்களையும் புரிந்துகொள்ளும். ௧௨ என்று கொடுத்தால் 12 தரும். ஆனால் பத்தைக் குறிக்கும் ௰ என்பது இட மதிப்பு முறையில் அமையாத குறி என்பதால் அதை ஏற்காது. சி மொழியிடம் இந்த மரியாதையை எதிர்பார்க்க முடியாது.

ஆறாம் படி: சோதித்தல்

நிரல் முடிந்ததும் 25, 30 என்று நல்ல பிள்ளைகளான எண்களை மட்டும் தட்டிப் பார்த்துத் திருப்தியடைய வேண்டாம். 10, 010, 07, 08, 09, 0எக்ஸ்10, குறை எண் ஒன்று, எண்ணோடு அலகு ஒட்டியதாக 25கிலோ, இலக்கம் எதுவும் தட்டாமல் என்டர் விசை மட்டும், காற்புள்ளியிட்ட 1,25,000 ஆகியவற்றைத் தட்டி, ஒவ்வொன்றுக்கும் என்ன வர வேண்டும் என்று முன்கூட்டியே எழுதிய விடையோடு ஒப்பிடுங்கள். 010 என்பதற்கு 8 வந்தால் எங்கோ ஊகம் ஒளிந்திருக்கிறது. 10-க்கு 16 வந்தால் எங்கோ ஹெக்ஸ் அவிழ்க்கப்படாமல் இருக்கிறது. 1,25,000 என்பதற்கு 1 வந்தால் அது அடிமானத்தின் குற்றமன்று. காற்புள்ளியை முதலில் நீக்க வேண்டும்.

ஏற்கெனவே கெட்டுப்போன பதிவுகளை மீட்டல்

எண்மமாகத் தவறாக வாசிக்கப்பட்ட எண்ணை, %ஓ கொண்டு எண்மமாகவே அச்சிட்டு, முன்னால் ஒரு சுழியத்தைச் சேர்த்தால் பழைய உருவம் திரும்பிவிடும். கடைக்காரரின் பட்டியலில் 2474 இருந்த இடங்களில் 04652 வந்தது. திருவனந்தபுரத்து வாடிக்கையாளர்களின் 313 மீண்டும் 0471 ஆனது. திருநெல்வேலியின் 306 மீண்டும் 0462 ஆனது. ஆனால் கொச்சியின் குறியீடு 0484. அதில் எட்டு இருப்பதால், நிரல் 4 என்பதோடு நின்று, மீதியிருந்த 84-ஐத் தொலைபேசி எண்ணுக்குரிய இடத்தில் போட்டுவிட்டு, உண்மையான எண்ணை வரியோடு கழித்துவிட்டிருந்தது. அந்த வாடிக்கையாளர்களின் எண்களை மட்டும், கடைக்காரர் பரணிலிருந்து இறக்கித் தந்த பழைய பில் புத்தகங்களைப் புரட்டி, ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் உட்கார்ந்து நான் கையால் எடுத்து எழுதினேன்.